பேரணாம்பட்டுப் பழுப்பு

பேரணாம்பட்டில் முதன்முதலாக நிறம் இழந்தது ஒரு சேவல். 1973ஆம் ஆண்டு சித்திரை மாதத்தின் ஓர் உச்சிப்பொழுதில், தோல் தொழிற்சாலைக் கூலியாளாகிய வேலுவுக்குச் சொந்தமான அந்தச் சேவல், பக்கத்து வீட்டுக் கொடியில் ஈரத்துடன் தொங்கிய வெள்ளைக் கம்பளி நூற்சிட்டங்களின் கீழே நிழலுக்காக ஒண்டி நின்றது. வெயில் சாய்ந்தபோது, சேவலை உரசிக்கொண்டிருந்த சிட்டம் செம்பும் கரும்பச்சையும் கலந்து மின்னியது. சேவலோ கொண்டை முதல் வால் வரை சுண்ணாம்பு அடித்த சுவரைப் போல வெளுத்திருந்தது. அதன் குரலிலும் பசியிலும் எவ்விதக் குறைவும் காணப்படவில்லை. மறுநாள் வழக்கமான நேரத்தில் கூவியது. வேலு அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "இன்னாம்மா அமிர்தவள்ளி, சண்டைக்கு உடறதுக்குன்னு வளத்தேன். இத்த எவன் எதிர்ல உடுவேன்? பண்ணைக் கோழிய எடுத்தாந்துட்டான்னு சிரிப்பானுங்க." அமிர்தவள்ளி அவருக்கு வேறொரு சேவலை வாங்கிக் கொடுத்தாள். சிட்டத்தைத் தானே வைத்துக்கொண்டாள்.

அமிர்தவள்ளியின் தந்தை கோவிந்தசாமி தொழிற்சாலையின் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். ஆட்டுத் தோல்கள் அக்குழியில் ஊறி மயிர் கழன்றதும், தோல் மட்டுமே பதனிடும் பகுதிக்குச் செல்லும்; மயிர் ஒரு மூலையில் குவிந்து நாறும். அந்தக் குவியலைக் கூடைகளில் வாரிவந்து, கிணற்று நீரில் பலமுறை அலசி, சிக்கெடுத்து, கதர் நூற்கும் ராட்டையில் நூற்றால் ஸ்வெட்டர் பின்னத் தகுந்த நூல் கிடைக்கும் என்பதை அமிர்தவள்ளி தன் இருபத்தாறாம் வயதில் கண்டறிந்தாள். அந்த வயதுவரை அவள் வீட்டில் இருந்ததற்குக் காரணம் ஊரறிந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் யாவரும் சொஜ்ஜியும் பஜ்ஜியும் உண்டபின் ஒரே சொற்றொடரைக் கூறிவிட்டுச் சென்றனர். கடைசியாக வந்தவர் அடுத்த தெருப் பட்டம்மாள். தம் மகன் அருணகிரிக்காகப் பார்க்க வந்த அவர், வாசலில் செருப்பைத் தேடியபடியே, உள்ளே இருப்பவர்களுக்குக் கேட்கும்படி, "பொண்ணு தங்கந்தான். நெறந்தான் கம்மி" என்றார். தாயில்லாத அந்த வீட்டில் அப்போது காலித் தம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த தங்கை மனோரமாவுக்குப் பதினொரு வயது. அக்காவின் நிறமே அவளுடைய நிறமும். அச்சொற்றொடர் தங்கையின் காதில் அவளைக் குறித்து ஒருநாளும் விழக்கூடாது என அமிர்தவள்ளி அன்று முடிவு செய்தாள். பணமுள்ள வீட்டில் நிறத்தைப் பேசமாட்டார்கள் என நம்பி, அவள் தொழில் தொடங்கியதும் அதன் பொருட்டே ஆகும்.

நூலின் முதல் வாடிக்கையாளர்கள் வேலூர் மருத்துவமனையில் பணியாற்றிய செவிலியர்கள். ஊருக்கு அனுப்பும் குழந்தைச் சட்டைகளை ஓய்வு நேரத்தில் பின்னுகின்ற பழக்கம் அவர்களிடம் இருந்தது. நூல் மென்மையானது என்றனர். ஆனால் வெள்ளையைத் தவிர வேறு நிறம் உண்டா எனக் கேட்டனர். கடைகளில் கிடைத்த சாயப்பொடி எதுவும் அந்த நூலில் ஒட்டவில்லை. எத்தனை முறை கொதிக்க வைத்தாலும் நீர் நிறமாகவும் நூல் வெள்ளையாகவும் இருந்தன. சேவலுக்குப் பிறகே அந்த நூலின் இயல்பு விளங்கிற்று. ஈர நூல் உச்சி வெயிலில் தன்னைத் தொட்டிருக்கும் பொருளின் நிறத்தைக் குடிக்கும். வயிறு நிறைந்தபின் வேறு எதையும் குடிக்காது. குடித்ததைத் திருப்பியும் தராது. அமிர்தவள்ளி கத்தரிக்காய்களையும் காகிதப்பூக்களையும் ஒரு மாங்கிளையையும் வைத்துச் சோதித்தாள். வெளுத்த கத்தரிக்காயைக் குழம்பில் இட்டால் ருசி மாறவில்லை என்பதால் வீட்டில் எவருக்கும் ஆட்சேபம் எழவில்லை. சாயத் தொட்டியில் ஒருபோதும் பிறக்க இயலாத நிறங்கள் அவை. காய்ந்த சிட்டத்தை நீட்டிய இரு கைகளிலும் மாட்டிக்கொண்டு மனோரமா உட்காருவாள். எதிரே அமர்ந்து அக்கா உருண்டையாகச் சுற்றுவாள். பள்ளிக்குப் போகும் முன்பும் வந்த பின்பும் அவ்வாறே. கையில் மாட்டிய நூலைப் பார்த்த அளவிலேயே அது எந்தச் செடியின், எந்தப் பக்கத்துப் பூ என்று மனோரமா சொல்லிவிடுவாள். அக்கண் எவரிடமும் கற்றதன்று.

1976ஆம் ஆண்டு ஆம்பூரிலிருந்து ரஷீத் அஹமது வந்தார். தோல் ஏற்றுமதியில் தரகராக இருந்த அவர், வெளிநாட்டு அம்மையார் ஒருவருக்கு அமிர்தவள்ளியின் நூலை அனுப்பிவைத்தார். ஒரே நிறம் இரண்டாம் முறை கிடைக்காது என்பதே அந்நாட்டில் அதன் மதிப்பாயிற்று. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயரிட்டு, அந்த அம்மையார் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து விற்றார். பேருந்து நிலையத்தின் பின்னால் ஓட்டுக் கொட்டகை ஒன்று எழுந்தது. அதில் பெண்கள் நூற்றனர். நிறம் தேடி அமிர்தவள்ளி ஊர் ஊராகச் சென்றாள். கணியம்பாடியில் ஒரு வயலின் நடவுப் பச்சை முழுவதையும் எடுத்தாள். நெல் வெள்ளையாகவே விளைந்து, வழக்கமான எடையில் அறுவடையாயிற்று. குடியாத்தத்தில் ஒரு தறிக்கூடத்துக்கு வெளியே சிட்டங்களை உலர்த்தியபோது காற்று அவற்றை லுங்கிகளின் மேல் வீசிற்று. ஒரு வாரத்து லுங்கிகளின் கட்டங்கள் யாவும் நூலுக்குள் போய்விட்டன. தறிக்கூடத்தவர்கள் அவற்றை வேட்டிகளாக விற்றுத் தப்பினர். ஆனால் கட்டங்களின் நூல்வரிசை அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதைக் கேட்டுப் பேரணாம்பட்டுக்கு வந்த இளைஞன் நந்தகோபாலுக்கு, மனோரமா சிட்டத்தைக் கையில் மாட்டியபடியே, எத்தனை சிவப்புக்குப் பின் எத்தனை கறுப்பு என ஒரு கட்டமும் பிசகாமல் சொன்னாள். அவன் அதன்பின் காரணமின்றியும் வரலானான்.

தொழிலின் போக்கை மாற்றியவள் பூங்காவனம். கொட்டகையில் நூற்பவளான அவள், 1979இன் கோடையில், உண்ட களைப்பில் ஈரச் சிட்டத்தின் மேல் கையை வைத்தபடி வாசற்படியில் கண்ணயர்ந்தாள். விழித்தபோது முழங்கை வரை அவளுடைய கை வெளுத்திருந்தது. அவள் அலறவில்லை, ஆனந்தக் கூத்தாடினாள். "அக்கா, இங்க பாருக்கா! எவ்ளோ செவப்பாய்ட்டேன் பாரு! இன்னொரு கைக்கும் ஒரு சிட்டம் குடுக்கா, மூஞ்சிக்கு ஒண்ணு குடு!" அமிர்தவள்ளி அவளுடைய கையைப் பார்க்கவில்லை, நூலைப் பார்த்தாள். அவ்வாறான பழுப்பை எவரும் அதற்குமுன் கண்டதில்லை. அதில் வெளிச்சம் மேலே நிற்கவில்லை, உள்ளிருந்து வந்தது. இரண்டு மாதத்தில் ரஷீத் அஹமது மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "அமிர்தம்மா, அந்த அம்மாவுக்கு இனிமே பூவும் வேணாமாம், காயும் வேணாமாம். அந்த பிரவுனு ஒண்ணுதான் வேணுமாம். ஜாஸ்தியா வேணுமாம். அத்த எதுல எடுத்தீங்க?" அமிர்தவள்ளி சொன்னாள். அவர் நெடுநேரம் தம் தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பின்னர், கட்டாயப்படுத்தினால்தானே பாவம் என்றார்.

கட்டாயப்படுத்த வேண்டிய தேவையே எழவில்லை. பூங்காவனத்துக்கு ஆவணியில் திருமணம் நிச்சயமானதும், தாய்மார்கள் தத்தம் பெண்களை அழைத்துக்கொண்டு கொட்டகையின் முன் கூடினர். பள்ளிகொண்டாவிலிருந்தும் வாணியம்பாடியிலிருந்தும் பேருந்தில் வந்தனர். பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, தலையை உயர்த்தி முடிந்து, உச்சி வெயிலில் வரிசையாக உட்கார, அவர்களுடைய முகத்திலும் கைகளிலும் கழுத்திலும் ஈரச் சிட்டங்கள் சுற்றப்பட்டன. கட்டணம் ஏதும் வாங்கப்படவில்லை. அமிர்தவள்ளியை அவர்கள் மகராசி என்றனர். ஒருநாள் பட்டம்மாளும் தம் இளைய மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். அமிர்தவள்ளி அந்தப் பெண்ணைச் சுற்றிவந்து, தெருவே கேட்க, "பொண்ணு தங்கந்தான்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினாள். பட்டம்மாள் தலையைக் குனிந்துகொண்டு, "பெரிய மனசு பண்ணும்மா" என்றார். ரஷீத் அஹமதுவின் மனைவி அன்வரி பேகம் ஒருமுறை வண்டியில் வந்து, இறங்காமலேயே இந்த வரிசையைப் பார்த்தார். தம் மகளுக்கும் செய்யலாமே என்று கணவர் மெல்லக் கேட்டதற்கு, "அல்லா குடுத்த ரங்கு, இந்த நெறத்த மூட்ட கட்டி விக்கறதுக்கா குடுத்தான்? உங்க முதுகுல எடுத்துக்கச் சொல்லுங்க, அது நெறைய கீது" என்றார். வண்டியைத் திருப்பச் சொன்னார்.

எடுத்தபின் எஞ்சியது சிவப்பு அன்று என்பது மூன்றாம் ஆண்டில் தெரியவந்தது. அது சுண்ணாம்புக் குழியிலிருந்து எடுத்த தோலின் நிறம். அதாவது நிறமே அன்று. வெளுத்த பெண்கள் மெல்ல மெல்ல மங்கினர். முதலில் உதடுகளும் பின்னர் கூந்தலும் போயின. கடைசியில் உடலே ஈரத்தோலை வெயிலுக்கு நேராகப் பிடித்தாற்போல, பின்னால் இருக்கும் சுவரைக் காட்டலாயிற்று. பூங்காவனம் எல்லாவற்றையும் சிரித்தே கடப்பவள். "வளையலு மட்டும் தனியா நடந்து போவுதுக்கா, எங்க ஊட்டுக்காரு பயந்துக்குறாரு" என்று கொட்டகையில் சொன்னாள். அவளுடைய சிரிப்பு கேட்டது, பற்கள் தெரியவில்லை. இந்தச் செய்தி ஊரெங்கும் பரவியது. ஆயினும் வரிசை குறையவில்லை. கல்யாணம் முடிகிற வரைக்கும் நிற்கும் அல்லவா, அது போதும் என்று தாய்மார்கள் கூறினர். அமிர்தவள்ளி எதையும் மறைக்கவில்லை. கேட்டவர்களுக்குப் பூங்காவனத்தைக் காட்டினாள். அவர்கள் பூங்காவனத்தின் ஊடாகச் சுவரைப் பார்த்துவிட்டு, வரிசையில் போய் நின்றனர்.

1983ஆம் ஆண்டு தை மாதம் நந்தகோபாலின் தாய் தாயாரம்மாள் குடியாத்தத்திலிருந்து பெண் பார்க்க வந்தார். மனோரமாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. கொட்டகையின் நிறங்களையெல்லாம் தேர்ந்து, தரம் பிரித்து, பெயரிட்டவள் அவளே. பெண்களைச் சுற்றும் வேலையில் மட்டும் அவள் கை வைத்ததில்லை. அந்த நேரத்தில் உள்ளே போய்விடுவாள். தாயாரம்மாள் நல்லவர். பலகாரத்தைப் புகழ்ந்தார், வீட்டைப் புகழ்ந்தார். புறப்படும்போது அமிர்தவள்ளியைத் தனியே அழைத்து, தணிந்த குரலில், "பையன் ஒத்தக் கால்ல நிக்கிறான், நான் இன்னா சொல்றது? நெறந்தான் கொஞ்சம் கம்மி. ஊருக்கெல்லாம் பண்றியாமே, உன் தங்கச்சிக்குப் பண்ணக் கூடாதா?" என்றார். குரல் எவ்வளவு தணிந்திருந்தும் சுவருக்கு அந்தப்புறம் மனோரமா நின்றிருந்தாள். பத்தாண்டு உழைப்பின் பயன் அந்த ஒரு நொடியில் கழிந்தது.

அன்று மாலை அக்காவும் தங்கையும் பேசிக்கொண்டது தெருவில் சிலருக்குக் கேட்டது.

"எனக்கு இந்தக் கலரே போதும்க்கா. அவருக்கும் போதுமாம்."

"அவனுக்குப் போதும். அவங்கம்மாவுக்கு?"

"நான் அவங்கம்மாவையா கட்டிக்கப் போறேன்?"

"பேசுவடி. நாளைக்கு ஒவ்வொரு நல்லதுலயும் கெட்டதுலயும் அந்தப் பேச்சு வரும். நான் கேட்டிருக்கேன். உனக்கு அது தெரியாது."

"உன் பக்கத்துல நின்னு நானுந்தானேக்கா கேட்டேன்" என்றாள் மனோரமா.

அதே வாரத்தில் அம்மையாரின் மிகப் பெரிய ஆர்டர் முடிய வேண்டியிருந்தது. கப்பலுக்கு மூட்டைகள் போகவேண்டிய நாள் நெருங்கிற்று. பழுப்பு சிறிது குறைந்தது. தை முகூர்த்தங்களுக்கு வேண்டியவர்கள் முன்னரே வந்து போய்விட்டதால் வரிசையில் பெண்கள் இல்லை. ரஷீத் அஹமதுவின் வண்டி வாசலில் வந்து நின்றது. உச்சிப்பொழுதில் அமிர்தவள்ளி முற்றத்தின் நடுவே மணையைப் போட்டு, தங்கையை அழைத்து, உருண்டை சுற்ற வேண்டும், சிட்டத்தைப் பிடி என்றாள். மனோரமா வந்து உட்கார்ந்தாள். வழக்கம்போல் இரு கைகளையும் நீட்டியபோது சிட்டத்தைப் பார்த்தாள். நூலை நன்கு அறிந்த அந்தக் கண்ணுக்கு அதைப் பிறர் சொல்ல வேண்டியதில்லை. "அக்கா, இது வெள்ளை நூலாச்சே. ஈரமா கீதே" என்றாள். அமிர்தவள்ளி, "புடி. கொஞ்ச நேரந்தான்" என்றாள். மனோரமா அக்காவின் முகத்தை ஒருமுறை நோக்கினாள். நீட்டிய கைகளை மடக்கவில்லை.

பாதியில் எடுத்துவிடவேண்டும் என்பதே அமிர்தவள்ளியின் எண்ணம் என்று பின்னாளில் பூங்காவனம் சொன்னாள். முகத்தில் ஒரு மாற்றுக் குறைந்தால் போதும்; தாயாரம்மாளின் வாயை அடைத்தாற்போலவும் இருக்கும், தங்கை மங்காமலும் இருப்பாள். ஆனால் நூலில் இறங்கிய பழுப்பைக் கண்டதும் அமிர்தவள்ளியின் கை எழவில்லை. அதுவரை எடுத்த பழுப்புகள் யாவும் அதற்கான ஒத்திகை எனலாம். முதற்சிட்டம் நிறைந்தது. அடுத்ததை மாட்டினாள். அதுவும் நிறைந்தது. வெளியே ஓட்டுநர் ஹாரன் அடித்தான். வெயில் சாயும்வரை மாட்டிக்கொண்டே இருந்தாள். மனோரமா கைகளை நீட்டியபடியே இருந்தாள். ஆர்டர் குறித்த நாளில் கப்பலேறியது. அம்மையார் அந்த நிறத்துக்குப் பேரணாம்பட்டுப் பழுப்பு என்று பெயரிட்டு, நிற அட்டையின் முதற்பக்கத்தில் ஒட்டினார்.

திருமணம் பங்குனியில் குடியாத்தத்தில் நடைபெற்றது. தாயாரம்மாள் மருமகளைக் கண்டு பூரித்து, வந்தவர்களிடமெல்லாம் அழைத்துச் சென்று காட்டினார். நந்தகோபால் மணவறையில் அவளுடைய கையைப் பிடித்தபோது ஏறிட்டுப் பார்த்தான், பிறகு அமிர்தவள்ளி நின்ற பக்கம் திரும்பி, மேளச் சத்தத்தின் நடுவே, "இன்னா பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டான். அமிர்தவள்ளி கையிலிருந்த அட்சதையைத் தூவினாள். முழுமையாக எடுக்கப்பட்டிருந்ததால் மனோரமா மற்றவர்களைவிட விரைவாக மங்கினாள். ஓராண்டுக்குள் கணவன் வீட்டில் அவள் இருக்கும் இடம் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் மோதிக்கொண்டனர். அப்போது நந்தகோபால், லுங்கிக்கு ஓட்டும் சிவப்புக் கட்டத்தையே சேலை நீளத்துக்குத் தறியில் ஓட்டி அவளுக்குக் கொடுத்தான். தூரத்திலேயே தெரிகின்ற சிவப்பு அது. குடியாத்தத்தில் அத்தகைய சேலை வேறெவரிடமும் இல்லை.

1986இல் வெளிநாட்டில் ரசனை மாறியது. பழுப்பு போதும், இனிச் சாம்பல் நிறம் வேண்டும் என அம்மையார் தெரிவித்தார். விற்காத பழுப்பு மூட்டைகள் துறைமுகம் வழியாகத் திரும்பி வந்து கொட்டகையில் அடுக்கப்பட்டன. செய்தி கேள்விப்பட்டதும் மங்கிய பெண்களும் அவர்களுடைய தாய்மார்களும் மீண்டும் வாசலில் கூடினர். குடித்த நிறத்தை நூல் திருப்பித் தராது. ஆயினும் பின்னி உடுத்திக்கொள்ளலாம் அல்லவா? ஆனால் எது எவருடைய பழுப்பு என்று பிரித்தறிய அமிர்தவள்ளியால் இயலவில்லை. அவளுக்கு அவை அனைத்தும் சரக்கு. மனோரமாவுக்கு ஆள் அனுப்பினாள். சிவப்புக் கட்டச் சேலை குடியாத்தம் பேருந்திலிருந்து இறங்கி, அக்காவைக் கடந்துபோய் மூட்டைகளின் எதிரே அமர்ந்தது. ஒவ்வொரு சிட்டமாகக் காற்றில் எழுந்து திரும்பிற்று. "இது பூங்காவனம். இது பட்டம்மா பொண்ணு, முழங்கை. இது பள்ளிகொண்டா பொண்ணு, கம்மல் போட்ட பக்கம்." பெண்கள் தம்முடையதை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டனர். கடைசி மூட்டையும் தீர்ந்தது. மனோரமாவின் சிட்டம் ஒன்றுகூட அதில் இல்லை. முதல் தரம் என்பதால் அது முழுவதும் விற்றுப்போயிருந்தது.

அந்தச் சித்திரையில் அமிர்தவள்ளி கொட்டகைக்கு விடுமுறை விட்டாள். முற்றத்தில் தனியே உட்கார்ந்து, தன் கைகளிலும் முகத்திலும் தோளிலும் ஈரச் சிட்டங்களைச் சுற்றிக்கொண்டு வெயிலில் இருந்தாள். ஐப்பசிவரை அந்த நூலில் முழுக்கை ஸ்வெட்டர் ஒன்றைத் தானே பின்னினாள். ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு, தானும் மங்கத் தொடங்கிய நிலையில், குடியாத்தம் சென்றாள். சேலை தறியின் பக்கத்தில் உட்கார்ந்து பாவு நூல் பிரித்துக்கொண்டிருந்தது. ஸ்வெட்டரை வாங்கி, வெளிச்சத்தில் விரித்தது.

"இது உன் கலருக்கா."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே கலருதானடி. எல்லாரும் சொல்வாங்களே."

"சொல்றவங்க சொல்வாங்க. உன்னுதுல செம்மண்ணு ஜாஸ்தி. என்னுதுல அது கெடையாது." சேலை ஸ்வெட்டரை நான்காக மடித்து, தூசி தட்டி, திருப்பி நீட்டியது. "வேணாம்க்கா. நீயே போட்டுக்கோ. வெயில்ல போவணும், பஸ்காரனுக்குத் தெரியணுமில்ல."

அமிர்தவள்ளி அங்கேயே அதை அணிந்துகொண்டு புறப்பட்டாள். சாம்பல் நிறத்துக்குப் பேரணாம்பட்டில் பஞ்சமில்லை. தொழில் அதன்பின் முன்னிலும் சிறப்பாக நடந்தது. அக்கினி நட்சத்திரத்தில் பழுப்புக் கம்பளிச் சட்டையும் கையுறையும் குல்லாவும் அணிந்த பெண்கள் கடைத்தெருவில் காய்கறி வாங்குவது அப்பகுதியின் வழக்கமாயிற்று. காய்காரர்கள் அவர்களுக்கு முதலில் ஒரு குவளை நீர் கொடுத்துவிட்டே எடை போடுவர். பெண் பார்க்க வருபவர்கள் ஸ்வெட்டர் சொந்த நிறம்தானா என்று கேட்கலாயினர். வெள்ளிக்கிழமைகளில், குடியாத்தம் தறிச் சரக்கைச் சேர்ப்பதற்காக, சிவப்புக் கட்டச் சேலை ஒன்று பேரணாம்பட்டுப் பேருந்து நிலையத்தில் இறங்கும். நடத்துநர் முந்தானையின் முடிச்சில் பயணச்சீட்டைச் செருகி, "பாத்து எறங்கும்மா" என்பார். கொட்டகையின் வாசலில் ஒரு ஸ்வெட்டர் எழுந்து நிற்கும். எதிர்ச்சாரியில் போவோர் சேலைக்கு வணக்கம் சொல்வர். சேலை நின்று நலம் விசாரிக்கும், பின்னர் நடக்கும். கொட்டகையின் முன் அது நிற்பதில்லை.